உதிராத தோல்

படுக்கையில் செதில் இல்லை.

காலையில் கண் விழித்ததும் அவள் செய்யும் முதல் வேலை, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் சின்ன பிரஷ்ஷை எடுத்துத் தன் பக்கத்து விரிப்பைச் சத்தமில்லாமல் கூட்டுவதுதான். இரவெல்லாம் கைகளிலிருந்து உதிர்ந்து கிடக்கும் வெள்ளைச் செதில்களைக் கணவர் எழுவதற்குள் அள்ளிவிட வேண்டும். அவர் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாமையைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. கல்யாணமானதிலிருந்து இதே கூத்து. அன்றைக்கும் தூக்கக் கலக்கத்தோடு பிரஷ்ஷை எடுத்தாள், கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. விரிப்பு, கடையிலிருந்து வாங்கி வந்த அன்று இருந்ததைப் போல நீலமாக, சுத்தமாகக் கிடந்தது.

நம்ப முடியாமல் தடவித் தடவிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரிக்கப் போனவள், எழுவதற்காக வலது கையைத் தூக்கினாள். விரிப்பும் கூடவே எழுந்தது.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்வை என்று நினைத்து உதறினாள். விடவில்லை. இடது கையால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது, ஈரத்தில் ஒட்டிப்போன பழைய காகிதத்தைப் பிரிக்கிற மாதிரி மெல்லிய, நீளமான ஒரு சத்தம் வந்தது. வலி இல்லை. ரத்தமும் இல்லை. விரிப்பில் ஒரு கை நீளத்துக்கு நூல் பிரிந்து சல்லடையாகியிருந்தது. அவள் முன்கையில் நீல நிறத்தில் பூனைமுடி போல ஏதோ நின்றது. ஊதினாள்; போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. நூல்தான். ஆனால் தோலின் மேல் ஒட்டியிருக்கவில்லை, தோலுக்குள்ளிருந்து முளைத்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்த சொரியாசிஸ் அது. முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தொடங்கி, விரல் நுனி வரை இறங்கி, இரண்டு கைகளையும் காய்ந்த மரப்பட்டையாக்கிவிட்டது. இது தொட்டால் பரவாது என்று எத்தனையோ டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காரும்போது மட்டும் அதைச் சொல்ல எந்த டாக்டரும் வருவதில்லை. தார் நாற்றம் அடிக்கும் தைலம், ஊதா விளக்கு, வயிற்றைப் புரட்டும் மாத்திரை, எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்சம் அடங்கும், பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில், தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. யார் எவ்வளவு கத்தினாலும் குரல் உயராததால் அங்கே 'பொறுமையக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பொறுமையெல்லாம் அலுவலகத்தோடு சரி. வீட்டுக்கு வந்ததும், அலமாரியில் தனியாகத் தொங்கும் தன் துண்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். தனித் துண்டு, தனி சோப்பு, தனி நாற்காலி. எல்லாம் நாத்தனாரின் ஏற்பாடு. கணவரின் அக்கா; கெட்டவர் இல்லை. இவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். 'குழந்தை தோல் பிஞ்சுத் தோல், எதுக்கு வம்பு?' என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் பருத்திக் கையுறை போடாமல் தன் மகளைத் தூக்கியதில்லை.

மகளுக்கு இப்போதுதான் ஒன்றரை வயது முடிந்திருந்தது. உச்சியில் நாலு முடியைச் சேர்த்துக் கட்டினால் நட்டுக்கொண்டு நிற்கும், அதனால் எல்லோருக்கும் அவள் சிண்டு. சிண்டுவின் கன்னம் வெறும் கையில் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாது. புதுக் களிம்பின் சோதனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் ஓடியது அதற்காகத்தான். அழகுக்காக ஓடும் வயதை எப்போதோ தாண்டிவிட்டாள்.

சோதனையை நடத்திய தோல் டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உங்க தோலுக்குள்ள காவல்காரங்க இருக்காங்கம்மா. வெளியாள் வந்தா அடிச்சு விரட்டுறது அவங்க வேலை. உங்க கேஸ்ல அவங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சு. வீட்டுக்காரனையே திருடன்னு நினைச்சு அடிக்கிறாங்க. இதுவரைக்கும் குடுத்த மருந்தெல்லாம் அவங்களை அடிச்சுப் படுக்கப் போட்டுச்சு. இது அப்படி இல்ல. பெப்டைடுன்னு சின்னதா ஒரு புரதத் துண்டு, அது தோல்ல வழி திறந்து விடும். அது பின்னாடியே ஒரு மரபணுச் செய்தி உள்ள போகும். 'இது நம்ம ஆளு, அடிக்காதே'ன்னு சொல்லிக் குடுக்கும். அவ்வளவுதான்."

"எல்லாரையுமே நம்ம ஆளுன்னு நினைச்சுட்டா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் பட்டாணி அளவுன்னு சொல்றோம். அளவை மட்டும் மீறாதீங்க."

வலது கைக்கு ஒரு ட்யூப், இடது கைக்கு ஒரு ட்யூப். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் பசை. எதில் எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் சோதனை நேர்மையாக நடக்குமாம். ஆனால் தெரியாமல் இருக்க அவள் கைக்கு என்ன, கண் இல்லையா? மூன்றாவது வாரமே வலது கை இளகியது, பட்டை உரிந்து, அடியில் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. இடது கையோ பழையபடி வெடித்து எரிந்தது. இரவில் அந்தக் கையை மட்டும் வெட்டிப் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஒரு கைக்கு விருந்து, ஒரு கைக்குப் பட்டினியா? வலது ட்யூபைப் பிதுக்கி இடது கைக்கும் தடவினாள். பட்டாணி அளவெல்லாம் இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் பூசுவது போல இரண்டு கைக்கும் பூசினாள். சந்தேகம் வராமலிருக்க இடது ட்யூபின் பசையைத் தொட்டியில் பிதுக்கிக் கழுவிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ட்யூபை எடை போட்டுப் பார்க்கிற நர்ஸிடம், "குழந்தை மிதிச்சிருச்சு" என்று சொல்லி வேறு ட்யூப் வாங்கி வந்தாள்.

இதுதான் நடந்தது. இப்போது கையில் நீல நூல் முளைத்திருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாயைத் திறந்து யாரிடமும் கத்த முடியாது.

நூலை நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அலுவலகக் கூடத்தில் ஏசியின் முனகலும், நாற்பது பேர் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்கிற முணுமுணுப்பும், யாரோ சூடு பண்ணிய மதியச் சாப்பாட்டின் வாசனையும் வழக்கம் போல இருந்தன. முதல் ஆளே சூடாக ஆரம்பித்தார்.

"கதவு திறக்க மாட்டேங்குதும்மா! துணி எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. நேத்துலேர்ந்து!"

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார். மெஷினை ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தீங்களா?"

"எவ்வளவு நேரம்மா காத்திருக்கறது? இழுத்தா கைப்பிடி கையோட வந்துரும் போல இருக்கு!"

அவர் திட்டி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, புகாரைப் பதிவு செய்ய விசைப்பலகையை நோக்கிக் கையை நகர்த்தினாள். கை வரவில்லை. மணிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் மெத்தை இரண்டு கையோடும் சேர்ந்து வந்தது.

ஹெட்செட்டைக் கழற்றாமலேயே மேசைக்கடியில் கைகளைக் கொண்டுபோய், முழங்காலுக்கு நடுவில் மெத்தையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். அதே சத்தம். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்து, "என்னக்கா கிழிஞ்சுது?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்று சொல்லிக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். வெள்ளை விளக்கின் கீழே கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் எள் தூவியது போலக் கறுப்புத் துணுக்குகள். புருவம் எடுக்கும் இடுக்கியால் ஒன்றைக் கிள்ளினாள். இடுக்கி வழுக்கியது. ஒவ்வொரு துணுக்கின் மேலும் பளபளப்பாக, கண்ணாடி மாதிரி, புதுத் தோல் மூடியிருந்தது.

இத்தனை சீக்கிரத்தில்.

அங்கே நின்றபடியே சோதனைக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இசை ஓடியது. நர்ஸ் எடுத்தார். "ஒட்டுதுன்னு சொல்றீங்க. சரி. உங்க சிரமம் எனக்குப் புரியுது. வேர்வையா இருக்கலாம் இல்லையா?"

"வேர்வை இல்லங்க. தோல் உள்ள இழுத்துக்குது."

"வலி இருக்கா? வீக்கம்? காய்ச்சல்?"

"இல்ல."

"சொன்ன அளவுதானே தடவுறீங்க?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் "ஆமா" என்றாள்.

"அப்போ பயப்பட ஒண்ணும் இல்லம்மா. உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன்."

அவளே ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிற வாசகம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியவும் பயமாக இருந்தது, விரலை விட்டுப் போகாவிட்டால்?

அடுத்த பரிசோதனை நாளில் டாக்டர் அவள் கைகளைப் பார்த்துக் கிட்டத்தட்டக் கூத்தாடினார். "ரெண்டு பக்கமும்! பாருங்க, ரெண்டு பக்கமும் சுத்தமா போயிருக்கு!" என்று உதவி டாக்டர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்தார்கள். ஒரு கையில் தடவிய மருந்து மறு கைக்கும் செய்தி அனுப்பியிருக்கிறது, இது உலகத்துக்கே புதுசு என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"டாக்டர், ஒட்டுது."

"என்னம்மா?"

"படுக்கை ஒட்டுது. மேசை ஒட்டுது. எடுத்தா உள்ள தங்கிடுது. அப்புறம் தடமே தெரியலை."

"எங்கே?" என்று அவர் கையுறை போட்ட விரலால் அவள் முன்கையை அழுத்திப் பிடித்தபடி, மறுபக்கம் திரும்பி உதவி டாக்டரிடம் கேமராவைப் பற்றி ஏதோ சொன்னார். பேச்சு நீண்டது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுத்தபோது 'பட்' என்று கையுறை நுனி கிழிந்தது. "சே, மட்டமான சரக்கு வாங்கிப் போடுறாங்க," என்று கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு எடுத்தார். பொட்டு அளவு ரப்பர் அவள் கையில் தங்கிவிட்டதை அவர் பார்க்கவில்லை. அவள் காட்டினாள். நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பழைய தழும்பு," என்றார்.

"இப்போ நிறுத்திட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தினா பழையபடி வந்துடும். முன்னைவிட மோசமாவும் வரலாம்."

உண்மையைச் சொல்லிவிட வாய் எடுத்தாள். சொன்னால் சோதனையிலிருந்து தூக்கிவிடுவார்கள். மரப்பட்டைக் கையும் பருத்திக் கையுறையும் திரும்ப வரும். வாயை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டைத் தேடினாள். விளிம்பு தட்டுப்படவில்லை. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது எந்த இடம் என்றே தெரியவில்லை.

அன்றிரவு கணவர், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள் கையின் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அவளுக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் பாவம், சந்தோஷமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அப்படியே கண் அயர்ந்துவிட்டது.

காலையில் குளியலறையிலிருந்து அவர் சத்தம் போட்டார். "ஏய், இங்க ஏதோ பூச்சி கடிச்சிருக்கு பார். சதையே வந்துருச்சு!" மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் போய்ச் சிவந்திருந்தது. அங்கே அவருக்கு ஒரு மச்சம் இருந்தது, பிறவி மச்சம்.

அவள் சமையலறைக்குப் போய்த் தன் சட்டைக் கையை மடக்கினாள்.

மச்சம் அங்கே இருந்தது. அதைச் சுற்றி ஐந்தாறு முடிகள், ஆண் பிள்ளையின் முரட்டு முடிகள். பயத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த முடிகளும் சேர்ந்து எழுந்து நின்றன.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உற்றுப் பார்த்தார். தன் காயத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு, வேண்டுமென்றே அதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பேசினார்.

"உனக்கு ஏற்கெனவே அங்க மச்சம் இருந்திருக்கும். செதில்ல மறைஞ்சு கிடந்திருக்கும்."

"உங்களுது எங்கேங்க?"

"அதான் பூச்சி கடிச்சிருச்சே!" குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷம் தோல் உதிருது உதிருதுன்னு அழுதே. இப்போ உதிரலைன்னு அழுறே. நான் என்னதான் பண்ணணும், சொல்லு? டாக்டரே சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரு. ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விடேன்!"

கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் பயந்துபோய்த்தான் கத்துகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன ஆகப்போகிறது? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அன்றே ட்யூபை வெளிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பழைய கை வந்தால் வரட்டும். தினமும் விடிந்ததும் ஒரு செதிலாவது உதிர்ந்திருக்கிறதா என்று விளக்கைப் போட்டுத் தேடினாள். எந்தச் செதிலைச் சபித்துக்கொண்டே கூட்டினாளோ அந்தச் செதிலுக்காக ஏங்கினாள். கைகள் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தன. மருந்து நின்றுவிட்டது. அது சொல்லிக் கொடுத்த பாடம் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தாள். அசைந்துகொண்டே இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. அசையாமல் கிடக்கும் பொருளைத்தான் தோல் எடுத்துக்கொள்கிறது. அதனால் அசைந்துகொண்டே இருந்தாள். பேனாவைக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள். போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். கையுறையை மணிக்கொரு தரம் கழற்றி மாட்டினாள். அப்படியும் ஒவ்வொரு தடவையும் பஞ்சு கொஞ்சம் உள்ளேயே தங்கியது. படுக்கவில்லை. இரவெல்லாம் கூடத்தில் நாற்காலியின் விளிம்பில், கைகளை உடம்பிலும் படாமல், ஒன்றோடொன்று படாமல், முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி உறுமி நிற்கும். சுவர்க் கடிகாரம் ஓடும். தலை சாயும்போதெல்லாம் திடுக்கிட்டு விரல்களைப் பிரித்துப் பார்ப்பாள்.

"சரியாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. இன்னும் எதுக்கும்மா இந்தக் கையுறை வேஷம்?" என்றார் நாத்தனார். "குழந்தை உன்னையே பார்த்துக்கிட்டு நிக்குது. ஏன் ஓடி ஓடிப் போறே? நான் அன்னிக்கு ஏதோ சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுப் பழி வாங்குறியா?"

"இல்ல அண்ணி."

"அப்போ தூக்கு."

"வேண்டாம் அண்ணி. இப்போ வேண்டாம்."

நாத்தனார் அலமாரியிலிருந்த தனித் துண்டை எடுத்து எல்லாத் துண்டுகளோடும் சேர்த்து மடித்து வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. எத்தனை வருடம் காத்திருந்த காரியம், வந்த நேரத்தைப் பார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் உதவி எண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வலது ட்யூபை இரண்டு கைக்கும் பூசியதை, தொட்டியில் பிதுக்கியதை, குழந்தை மேல் பழி போட்டதை.

"அப்போ நீங்க விதியை மீறியிருக்கீங்க," என்றார் நர்ஸ்.

"ஆமா. மீறிட்டேன். இப்போ என்ன பண்றது, சொல்லுங்க."

"இது நான் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா. டாக்டர் கூப்பிடுவாரு."

"எப்போ?"

"கூப்பிடுவாரு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

டாக்டர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்குள் சிண்டுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

சாயங்காலம் நாத்தனார் மருந்துக் கடைக்குக் கிளம்பினார். கணவர் வர இன்னும் நேரம் இருந்தது. "தூங்குறா. எழுந்தா தண்ணி குடு. இதோ வந்துடுறேன். பெல் அடிச்சா முழிச்சுக்குவா," என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். அவர் படி இறங்கும் சத்தம் அடங்குவதற்குள் குழந்தை எழுந்து வீறிட்டது.

தூரத்தில் நின்றே பாடிப் பார்த்தாள். பொம்மையை ஆட்டிப் பார்த்தாள். குழந்தை தட்டுத்தடுமாறி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. துணியைத் தாண்டிக் காய்ச்சல் சுட்டது. எந்தத் தாய்தான் நிற்பாள்? கையுறையை இறுக்கிக்கொண்டு தூக்கினாள். தூக்கியதும் நடந்தாள். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். தோள் மாற்றினாள், கை மாற்றினாள், ஒரே இடத்தில் படாமல் பார்த்துக்கொண்டாள். குழந்தை விசும்பலுக்கு நடுவே அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தது. அது கழன்று விழுந்தது. சட்டைக் கையை ஒதுக்கித் தள்ளி, சுடுகிற கன்னத்தை அவள் முழங்கை மடிப்பில் வைத்து அழுத்திக்கொண்டது.

ஐயோ, என்ன மென்மை.

இதற்குத்தானே. இத்தனையும் இதற்குத்தானே. எடுத்துவிடு என்று அறிவு சொன்னது. நடந்துகொண்டே இருக்கிறேன், அசைந்துகொண்டே இருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று அவள் பதில் சொன்னாள். குழந்தையின் அழுகை தேய்ந்து மூச்சானது. பல நாள் தூங்காத கால்கள் தள்ளாடின. குழந்தையோடு விழுந்துவிடுவோமோ என்று பயந்து தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஆட்டினாள். ஆட்டினாள்.

ஆட்டினாள்.

கண் விழித்தபோது அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. எங்கோ மேல்வீட்டில் தண்ணீர் ஓடியது. உடம்பு லேசாக, நன்றாகத் தூங்கி எழுந்த சுகத்தில் இருந்தது. அந்தச் சுகம்தான் முதலில் அவளை நடுங்க வைத்தது.

குனிந்து பார்த்தாள்.

குழந்தை முழங்கை மடிப்பில் பக்கவாட்டில் கிடந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. மறு கண் தெரியவில்லை. கன்னம் எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து, இன்னும் குனிந்து, மூக்கு படும் தூரத்தில் தேடினாள். கோடு இல்லை. மடிப்பு இல்லை. ஒரே தோல். வழவழவென்று, தழும்புகூட இல்லாமல்.

கையை ஒரு நூலிழை அசைத்தாள். குழந்தையின் உதடு அந்தப் பக்கம் இழுபட்டது.

கத்தவில்லை. கத்தினால் எழுந்துவிடும். எழுந்தால் தலையைத் திருப்பும்.

கொசு ஒன்று காதருகே ரீங்கரித்துக்கொண்டு போனது. வட்டமிட்டது. குழந்தையின் நெற்றிப் பொட்டில் உட்கார்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுருக்கென்று கடித்தது. அவளுக்கு வலித்தது.

தன் கையில் இல்லை. அங்கே. குழந்தையின் நெற்றியில். அந்தக் கடியின் எரிச்சல், பரவுகிற அரிப்பு, அத்தனையும் அவளுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து தன் உடம்பாகவே இருந்த இடத்தைப் போல.

விரட்ட மறு கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. அதிலும் கையுறை இல்லை; தூங்கிய நேரத்தில் தோல் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

குழந்தை விழித்தது. தெரிந்த அந்த ஒரு கண், மேலே நிற்கும் அம்மாவின் கையைப் பார்த்தது. உதட்டின் ஒரு பாதி சிரித்தது. சின்னக் கையை நீட்டி அவள் ஆள்காட்டி விரலை முழு முஷ்டியால் பிடித்துக்கொண்டது.

"விடும்மா," என்றாள். "விட்டுடு கண்ணு. விடு."

படியில் காலடி கேட்டது. மருந்துக் கடைப் பை சரசரத்தது. பூட்டில் சாவி நுழைந்தது. குழந்தையின் கண் மெல்லச் சொருகியது. பிடித்த பிடியிலேயே அது மறுபடி தூங்கப் போனது. அசையாமல்.

அவள் விரலை இழுத்தாள். குழந்தையின் கை நீண்டது, தோள் எழுந்தது. கதவு திறந்து விளக்கு எரிந்தபோதும் அவள் இழுத்துக்கொண்டேதான் இருந்தாள்.